நாற்பது நாள் சுல்தான்

கல்கி 1950-இல் 'பொன்னியின் செல்வ'னைத் தொடங்கியபோது, அந்தக் கதையின் நடுநாயகமான கொலையைப் பற்றி அவர் கையில் இருந்த ஆதாரம் அப்படியொன்றும் அதிகமில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த 'ஏன்' என்ற சந்துக்குள் புகுந்து அவர் ஐந்து பாகம் எழுதினார். வாரந்தோறும் படித்து, கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! சரித்திர நாவலுக்கு மூட்டை மூட்டையாகச் செய்தி வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த பைண்டு புத்தகங்களே பதில் சொல்லும். நல்ல கதைக்காரனுக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்க அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதுரைக்கும் அப்படி ஒரு வாக்கியம் வாய்த்திருக்கிறது. அதுவும் ஒரு கொலையைப் பற்றியதுதான். சொல்லி வைத்தவர் மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபன் பதூதா. அதன் சாரம் இது: மாமனார் இறந்ததும் மருமகன் குத்புத்தீனைப் பட்டத்தில் ஏற்றினார்கள், அவன் நடத்தை ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, நாற்பது நாளில் அவனைக் கொன்றுவிட்டார்கள். அவ்வளவுதான். யாத்திரிகர் அடுத்த சுல்தானிடம் போய்விடுகிறார். நம் வைத்தியர்கள் மருந்துக்குக் கெடு வைக்கும் ஒரு மண்டலம் 48 நாள். அந்தப் பையனின் ராஜ்யம் ஒரு மண்டலம்கூட நிறையவில்லை.

'பையன்' என்று எழுதிவிட்டேன். அப்படி எழுத வைப்பதே அந்த வாக்கியத்தின் தந்திரம் என்று தோன்றுகிறது. மாமனார், மருமகன், நாற்பது நாள் என்ற மூன்று சொற்களைக் கேட்டவுடனே நம் மனம் ஓர் இளைஞனைச் சிங்காசனத்தில் உட்கார வைத்துவிடுகிறது. மீசை இப்போதுதான் அரும்பியிருக்கிறது, கை நடுங்குகிறது, சுற்றிலும் கிழட்டு அமீர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இத்தனையும் நாம் போட்டுக்கொண்ட நகைகள். யாத்திரிகர் கொடுத்தது வெறும் மஞ்சள் கயிறு.

இந்த மதுரை எந்த மதுரை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாண்டிய சகோதரர்கள் இருவரும் பட்டத்துக்காக அடித்துக்கொண்டிருந்த சமயத்தில், 1311-இல், மாலிக் காபூர் வந்து கொள்ளையிட்டுப் போனான். 1323-இல் டில்லிப் படை மறுபடி வந்தது; தெற்கே 'மஅபர்' என்று ஒரு மாகாணம் ஏற்பட்டது. அதை ஆள வந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335 வாக்கில் டில்லியை உதறிவிட்டுத் தானே சுல்தான் என்று நாணயம் அடித்தான். அவனை அடக்க முகம்மது பின் துக்ளக் நேரில் படை கொண்டு புறப்பட்டான். வாரங்கல்லில் கொள்ளைநோய் அந்தப் படையைத் தின்றுவிட்டது. மதுரை தனி ராஜ்யமாயிற்று. ஐந்து வருஷத்தில் அஹ்ஸன் கொலையுண்டான். அடுத்து வந்த உதௌஜி ஓராண்டுக்குச் சற்று முன்பின்னாக ஆண்டான். ஒரு போரில் வெற்றி கைக்கு வந்த நாளில், தண்ணீர் குடிப்பதற்காகத் தலைக்கவசத்தை எடுத்தான். எங்கிருந்தோ வந்த அம்பு அவன் கதையை முடித்துவிட்டது. எய்தது யார் என்று தெரியவில்லை என்கிறார் இபன் பதூதா. அந்த உதௌஜியின் மருமகன்தான் நம்முடைய குத்புத்தீன்.

இந்த மருமகன் ஒரு சாட்சியத்தை விட்டுப் போயிருக்கிறான். அவன் பெயரில் அடித்த நாணயங்கள் உண்டு. குத்புத்தீன் ஃபீரூஸ் ஷா என்ற பெயரும் ஹிஜ்ரி 740 என்ற ஆண்டும் அவற்றில் இருக்கின்றன. நம் கணக்கில் 1339-40. பட்டத்துக்கு வந்ததும் பெயர் போட்டு நாணயம் அடிப்பது அந்தக் காலத்து சுல்தான்களுக்குச் சாங்கியம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அச்சு வெட்டுகிறவன் ஒருவனைக் கூப்பிட்டு, எழுத்துகளைத் திருப்பிச் செதுக்கச் சொல்லி, உலோகம் உருக்கி, அடித்து, கடைத்தெருவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காசைக் கொடுத்து மதுரைக் கடையில் யாரோ உப்பு வாங்கியிருப்பார்கள். காசு கை மாறிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்த பெயருக்குச் சொந்தக்காரன் செத்துப்போய்விட்டான். ஒரு வாக்கியமும் ஒரு நாணயமும்: இவ்வளவுதான் மூலதனம்.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். அதில் இரண்டு சொற்கள் என்னைத் தடுக்கின்றன. ஒன்று 'ஜனங்கள்', மற்றொன்று 'நடத்தை'.

யார் இந்த ஜனங்கள்? வைகைக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவனையும், மாடக்குளத்துக் கண்மாயில் மடை திறந்தவனையும் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்க முடியாது. சுல்தானைத் தூக்கி வைக்கவும் இறக்கவும் கூடிய ஜனங்கள் அரண்மனையைச் சுற்றி இருந்த அமீர்களும் குதிரைப் படையும்தான். அஹ்ஸனைத் தீர்த்துக் கட்டிய கைகளும் அந்த வட்டத்துக்குள் இருந்த கைகளே. ஆகவே 'ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதற்குப் 'படைக்குப் பிடிக்கவில்லை' என்று பொருள் சொன்னால் தப்பில்லை.

'நடத்தை' இன்னும் வழுக்கலான சொல். கொடுங்கோலன் என்று சொல்லவில்லை. குடிகாரன் என்றோ கோழை என்றோ சொல்லவில்லை. ஒரு குற்றமும் குறிப்பிடாமல் 'நடத்தை சரியில்லை' என்று சொல்லி வேலையை விட்டு நீக்குவதை நம் ஆபீசுகளிலும் பார்த்திருக்கிறோம். காரணம் சொல்ல முடியாதபோது சொல்லப்படும் காரணம் அது.

சரி, யாத்திரிகர் ஏன் இதைக் கேள்வி கேட்கவில்லை? இங்கேதான் வாசகர்கள் ஓர் உறவுமுறையைக் கவனிக்க வேண்டும். குத்புத்தீன் செத்ததும் பட்டத்துக்கு வந்தவன் கியாஸுத்தீன் தாமகானி; முன்பு சிராஜுத்தீன் என்ற பெயரில் டில்லிப் படையில் குதிரைவீரனாக இருந்தவன். அவன் மணந்துகொண்டது முதல் சுல்தான் அஹ்ஸனின் ஒரு மகளை. அதே அஹ்ஸனின் இன்னொரு மகளை டில்லியில் மணந்திருந்தவர் இபன் பதூதா. அதாவது, குத்புத்தீன் கொல்லப்பட்டதால் லாபம் அடைந்த மனிதர் நம் யாத்திரிகருக்குச் சகலை! அஹ்ஸன் குடும்பத்தின் கணக்குப்படி பார்த்தால், உதௌஜியும் அவன் மருமகனும் இடையில் புகுந்தவர்கள். கியாஸுத்தீன் வந்ததால் வீட்டுச் சொத்து வீட்டுக்கே திரும்பிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து மதுரைக்கு வந்த இபன் பதூதா, நாற்பது நாள் சுல்தானைப் பற்றித் தெரிந்துகொண்டது சகலை வீட்டு மனிதர்களிடம். சகலை வீட்டுச் சாப்பாட்டில் எத்தனை உப்பு இருந்தாலும் விருந்தாளி வாய் திறப்பதில்லை.

இதைச் சொன்னதும் சிலர், 'அப்படியானால் இந்த யாத்திரிகரை நம்பவே முடியாது' என்று புத்தகத்தை மூடிவிடக்கூடும். அவசரப்பட வேண்டாம். அதே சகலையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். காட்டிலே பிடிபட்ட மக்களைக் கழுவில் ஏற்றியதையும், பெண்களையும் பால்குடி மாறாத குழந்தைகளையும்கூட விடாமல் கொன்றதையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். ஒரு நாள் சுல்தானோடும் காஜியோடும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது ஒரு கைதியை மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டு வருகிறார்கள். சுல்தான் கையால் ஒரு சைகை செய்கிறான். இபன் பதூதா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எழுந்திருக்கும்போது மூன்று தலைகளும் தரையில் கிடக்கின்றன. இன்னொரு நாள் இதேபோல ஒருவனைக் கொண்டு வந்து கை கால்களை வெட்டத் தொடங்கியபோது, தொழுகைக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்துவிடுகிறார். சுல்தான் புரிந்துகொண்டு சிரிக்கிறான். இப்படிப்பட்ட செய்கையை வேறு எந்த அரசனிடமும் தாம் கண்டதில்லை என்றும், அதனாலேயே ஆண்டவன் அவனைச் சீக்கிரம் அழைத்துக்கொண்டான் என்றும் அவர் தீர்ப்புச் சொல்கிறார்.

தமக்கு இடம் கொடுத்து, மரியாதை செய்த உறவினனைப் பற்றி, தம் மதத்தைச் சேர்ந்தவனைப் பற்றி இப்படி எழுதுவதற்கு நெஞ்சில் நேர்மை வேண்டும். தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சேர்த்து எழுதினாரே, அது சாதாரணக் காரியம் இல்லை. ஆக, இந்த மனிதரிடம் இரண்டு விதமான எழுத்து இருக்கிறது. கண்ணால் கண்டதை எழுதும்போது அவர் யாருக்கும் கட்டுப்பட்டவரல்லர். காதால் கேட்டதை எழுதும்போது, சொன்னவர்களின் குரல் அவர் குரலாகிவிடுகிறது. குத்புத்தீனின் முடிவு அவர் கேட்டது. ஏழு வயதுச் சிறுவனின் தலை அவர் கண்டது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. விமரிசனம் என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம், கடைசியில், இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பழகுவதுதான்.

அதே மதுரையைப் பற்றி இன்னொரு பெரிய சாட்சி கங்காதேவி. விஜயநகரத்து இளவரசன் குமார கம்பணனின் தேவி. கம்பணன் மதுரைச் சுல்தானை வென்ற கதையை 'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியமாகப் பாடினார். சுவடி 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. நடுநடுவே ஏடுகள் சிதைந்திருந்தன. பாழடைந்த கோயில்களையும், களை இழந்த ஊர்களையும் அவர் பாடும் பகுதிகளில் உண்மையான துக்கம் இருக்கிறது. அந்தத் துக்கத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. திருவரங்கத்துப் பெருமாளைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தெற்கே நடந்ததையும், ஆனைமலை அடிவாரத்தில் ஜோதிஷ்குடி என்னும் கொடிக்குளத்தில் உயிர் நீத்ததையும் வைணவ மரபு இன்றும் சொல்லி உருகுகிறது. மீனாட்சி கோயிலில் மூலலிங்கத்தை மறைத்து, முன்னால் வேறு லிங்கம் வைத்த கதையை மதுரையில் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். இவற்றைப் பொய் என்று யாரும் துடைத்துவிட முடியாது, துடைக்கவும் கூடாது.

ஆனால் கவி என்ற முறையில் கங்காதேவியிடம் ஒரு குறை. அவருடைய சுல்தானுக்கு முகம் இல்லை. கம்பணன் வாளுக்குத் தலை கொடுப்பதற்காகவே அவன் காவியத்துக்குள் வருகிறான். வெற்றிக் காவியம் பாடுகிறவர் பகைவனுக்குப் பெயரும் பிள்ளையும் பயமும் கொடுத்தால் வெற்றியின் மினுமினுப்புக் குறைந்துவிடும். அரசி பாடும்போது அதை மன்னிக்கலாம். கொண்டவன் வெற்றியைப் பாடுகிறார். நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

நம் சரித்திர நாவல்களோ பெரும்பாலும் யாத்திரிகரை விட்டுவிட்டு அரசியின் வழியிலேயே நடந்திருக்கின்றன. ஸ்ரீவேணுகோபாலன் 'திருவரங்கன் உல'வில் அரங்கன் பட்ட பாட்டை எழுதினார். அதன் தொடர்ச்சிக்கு 'மதுரா விஜயம்' என்றே பெயர் வைத்தார். அந்தக் காலத்தை லட்சக்கணக்கான வாசகர் மனத்தில் உயிர்ப்பித்தது சிறிய காரியமல்ல. ஆனால் பொதுவாக நம் தொடர்கதைகளில் ஒரு சுல்தான் வந்தால் என்ன வருகிறது? சிவந்த கண், இடிச் சிரிப்பு, அந்தப்புரத்துக்குள் அடைபட்ட ஒரு தமிழ்ப் பெண். இந்த வேஷத்தைக் கூத்துக்காரனும் போடலாம். அதற்கு நாவலாசிரியர் எதற்கு?

இதற்கு நேர்மாறான பழக்கமும் நல்லதல்ல. பழைய வில்லன்கள் அலுத்துப்போனதால் இப்போது சிலர் வேஷத்தை மாற்றிப் போட விரும்புகிறார்கள். குத்புத்தீனைக் கவிதை எழுதும் மென்மையான இளைஞனாக்கி, ஒரு மதுரைப் பெண்ணின் மேல் காதல் கொள்ள வைத்து, கடைசியில் துரோகிகளின் கத்திக்கு இரையாக்கினால் கண்ணீருக்குக் குறைவிருக்காது. ஆனால் மாமனார் படையெடுத்து அள்ளி வந்த பொருளில்தான் மருமகன் சாப்பிட்டான். அவனைக் கொன்றவர்கள் மோசமானவர்கள் என்பதால் அவன் நல்லவனாகிவிட மாட்டான். வில்லனும் வேண்டாம், தியாகியும் வேண்டாம். ஒரு மனிதனைக் கொடுங்கள் என்பதுதான் வாசகன் கேட்க வேண்டிய கேள்வி.

மனிதனைக் கொடுக்க வேண்டுமானால் அவன் நின்ற மண்ணைச் சரியாகக் கொடுக்க வேண்டும். மதுரையில் முஸ்லிம்கள் சுல்தான்களோடு குதிரையில் வந்து இறங்கியவர்கள் மட்டும் அல்லர். பாண்டியர் காலத்திலேயே காயல் துறையில் அரபுக் குதிரைகள் இறங்கின. அந்த வியாபாரத்தை நடத்திய முஸ்லிம் பிரமுகர்கள் பாண்டியன் சபையில் உயர்ந்த ஸ்தானம் வகித்தார்கள். காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்தவன் பாண்டியன் என்றே அந்தத் தெரு மரபு சொல்கிறது. இன்னொன்று: மதுரையோடு போரிட்ட ஹொய்சளன் மூன்றாம் வீரபல்லாளனுக்கு வயது எண்பதுக்கு மேல். அவனுடைய படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாக இபன் பதூதா கணக்குச் சொல்கிறார். அந்தக் கிழவனைக் கியாஸுத்தீன் வஞ்சகமாகக் கொன்று, தோலில் வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். அதையும் யாத்திரிகர் கண்டு எழுதினார். மதக் கோடு ஒன்றைப் போட்டு, இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று பிரித்துக் கதை எழுதுகிறவர் இந்த 20,000 பேரை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்?

ஊருக்குள் கோடு எப்படி அழிந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்து தர்கா. சுல்தான்கள் என்று ஊர் வணங்கும் இருவரின் அடக்கஸ்தலம் அது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரம். அந்த தர்காவின் மானியத்தை 1573-இல் வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. சுல்தான்களை விரட்டிய விஜயநகரத்தின் வழிவந்தவர்கள், 200 வருஷத்துக்குப் பின் சுல்தான் சமாதியின் மானியத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். ஊருக்கு மறதி என்று இதைச் சொல்லமாட்டேன். எதை எவ்வளவு ஞாபகம் வைத்துக்கொள்வது என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, இந்தக் கதையில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இபன் பதூதா தம் டில்லி மனைவி, அஹ்ஸனின் மகள் ஹூர்நஸப் பற்றி இரண்டு வரி சொல்கிறார்: பக்தியுள்ளவள், இரவில் எழுந்து தொழுபவள், வாசிக்கத் தெரியும், எழுதத் தெரியாது, ஒரு பெண் குழந்தை பிறந்தது, இருவரும் பிறகு என்ன ஆனார்களோ தெரியாது. உலகத்தையே சுற்றிவந்த மனிதர் தம் மனைவி மகளைப் பற்றிச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்! அப்படியிருக்க, உதௌஜியின் மகளுக்கு, குத்புத்தீனின் மனைவிக்கு, அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடைக்காததில் என்ன ஆச்சரியம்?

ஆனால் நாவல் அவளிடம்தான் இருக்கிறது. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் இறந்தவருக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தகப்பன் அம்பு பட்டு விழுந்தான், கணவன் பட்டமேறினான், தகப்பனுக்கு நாற்பது நாள் நிறைகிற சமயத்தில் கணவனின் உடலும் வந்துவிட்டது. அதற்குப் பின் அரண்மனைப் பெண்ணின் கதி என்ன? நாலைந்து வருஷம் கழித்து கியாஸுத்தீனும் செத்து, அவன் அண்ணன் தம்பி மகன் நாஸிருத்தீன் பட்டத்துக்கு வந்தபோது, கியாஸுத்தீனின் மருமகனைக் கொன்றுவிட்டு அந்த விதவையைத் தானே மணந்துகொண்டான். மருமகனாய் இருப்பதே அந்த அரண்மனையில் பாதி மரணதண்டனை. மகளாய் இருப்பது அதைவிட நீண்ட தண்டனை. நடத்தை சரியில்லை என்று யார் சொன்னார்கள், எந்த அறையில் சொன்னார்கள், கதவுக்குப் பின்னாலிருந்து யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். சகலை வீட்டு விருந்தாளி அவளை விசாரிக்கவில்லை. வெற்றி பெற்ற அரசிக்கு அவளைப் பற்றி அக்கறையில்லை. மிச்சம் இருப்பவர் நாவலாசிரியர் ஒருவர்தான்.

இதை எழுத வருகிறவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஐந்து பாகம் வேண்டாம். நாற்பது அத்தியாயம் போதும், நாளைக்கு ஒன்று.